தண்டல் சொன்ன ரோஜர்

எமில்டா டீச்சருக்குக் காது மந்தம்னுதான் தெருவுல பேச்சு.

பால்காரர் வந்து, "நாளைக்குப் பால் கெடையாது டீச்சர்"ம்பாரு. "என்ன சொன்னீய?"ம்பா. அவரு இன்னொருக்கச் சொல்லுவாரு. "நாளைக்குப் பால் கெடையாது, சரிதான?"ன்னு அவளும் ஒருக்கச் சொல்லிட்டுத்தான் கதவைச் சாத்துவா. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இப்படி ஒரு குறையான்னு பால்காரருக்கு ரொம்ப வருத்தம். அவரு வருத்தப்பட்டே ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டாரு.

அவகிட்டத்தான் கஸ்பார் தண்டல் இங்கிலீஷ் படிக்க வந்தாரு. எங்க வீட்டு மாடியிலதான் அவ குடியிருந்தா, வகுப்பும் அங்கதான். மேல பேசினா கீழ அடுக்களையில அப்படியே கேக்கும்.

தண்டல்னா தோணிக்குத் தலைவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்துலேர்ந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கலும் ஏத்திட்டுப் போவும் பாருங்க மரத்தோணி, அது. கஸ்பார் அண்ணாச்சிக்கு டீச்சரோட அப்பா வயசு. ஆனாலும் மாடிப்படி ஏறும்போதே செருப்பைக் கையில எடுத்துக்கிடுவாரு. கையில புடிச்சிட்டே வகுப்புல உக்காந்திருப்பாரு. கீழ வைக்கணும்னு தோணாது.

மனுசனுக்கு நெஞ்சு ஒரு எடத்துல இல்ல. அந்த வருசம் புதுசா ஒரு சட்டம் வந்திருந்தது. தண்டலா இருக்கணும்னா ரேடியோவுல இங்கிலீஷ் பேசிக் காட்டணும். சனிக்கிழமை பரீட்சை. தோத்துட்டா தோணிக்கு வேற தண்டல். அண்ணாச்சி கரையில.

கரை அவருக்கு ஒத்துக்கிடாது. ஒரு வாரம் சேந்தாப்புல வீட்டுல இருந்தா, அவரு பொஞ்சாதியே முதலாளிக்கு ஆள் அனுப்பி, "தோணி எப்பக் கெளம்புது?"ன்னு கேப்பா.

அதனால உக்காருவாரு, எந்திப்பாரு, சன்னல்ல போயி வானத்தப் பாப்பாரு, திரும்ப உக்காருவாரு. கால் ஆட்டிட்டே இருப்பாரு. மேல நாற்காலி கிரீச் கிரீச்சுங்கும். கீழ தாளிக்கிற எனக்கு உப்புப் போட்டமா இல்லையான்னு மறந்து போவும்.

"சொல்லுங்க அண்ணாச்சி"ம்பா டீச்சர்.

செபமாலை சொல்லுத மாதிரி ஆரம்பிப்பாரு.

"கீன்னா சாவி. இன்னொரு கீன்னா கப்பலக் கட்டுத மேடை. பெர்த்துன்னா பொறப்பு. இன்னொரு பெர்த்துன்னா கப்பல் நிக்கிற எடம். வெதருன்னா காத்து மழை. இன்னொரு வெதருன்னா இதுவா அதுவான்னு கேக்கது. நாட்டுன்னா இல்ல. நாட்டுன்னா முடிச்சு. நாட்டுன்னா கப்பலோட வேகம்."

"சரியா இருக்கு."

"சரியாத்தான் இருக்கு. காதுல விழுறப்ப எல்லாம் ஒண்ணுபோலல்லா இருக்கு. எப்படிப் பிரிக்க?"

"முன்னால பின்னால என்ன வருதுன்னு பாருங்க. பொறப்புல யாரும் கப்பலக் கொண்டு போயி நிறுத்த மாட்டாவ."

"அது சரி. தர்ட்டீனும் தர்ட்டியும்?"

"அது முன்னால பின்னால பாத்தாலும் தெரியாது."

"அப்ப?"

அண்ணாச்சி எந்திச்சு சன்னலுக்குப் போயிட்டாரு.

"எல்லாம் இந்தக் காத்துதான் டீச்சர். ரேடியோவுல வாய வச்சா காத்து, காத வச்சா காத்து. சவம், ஒரு வார்த்தை முழுசா விழ விடாது."

பெறவு அவராவே பழைய கதை ஒண்ணு எடுத்தாரு. தோணியில எஞ்சின் இல்லாத காலம். பாய் மட்டும்தான். இவரு அப்பப் புதுசு. மாலத்தீவுக்குப் பாதி வழியில காத்து விழுந்திட்டு. ஒரு பொட்டுக் காத்து இல்ல. கடலு எண்ணெய் ஊத்தின மாதிரி கெடக்காம். தோணி அசையல. பிந்தட்டுல சமையக்காரன் கால் சொறிஞ்சா முந்தட்டுல நிக்கிறவனுக்குக் கேக்குமாம். அவ்வளவு அமைதி. உள்ள வெங்காயம் முளை விட்டுட்டாம். குடிதண்ணிய மூடியில ஊத்திக் குடிச்சாவளாம். பெரிய பெரிய ஆம்பளையெல்லாம் மாதாவைக் கூப்பிட்டு அழுதாவளாம்.

"புயல்ல கூட நான் பயந்ததில்ல டீச்சர். அன்னைக்குப் பயந்தேன்."

"என்ன சொன்னீய?"

"பயந்தேன்னு… அது எதுக்கு இப்ப. பாடத்த நடத்துங்க."

டீச்சர் சிரிச்சுக்கிட்டா. "நாளைக்குத் தோணிக்கு வாரேன். ரெண்டு ரேடியோ செட்டு வையுங்க"ன்னா.

இங்கன ஒரு கதை சொல்லணும். எங்க தெருமுக்குல மக்ரூன் கடை வச்சிருந்தாவ அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மொகம் வேற, ஒயரம் வேற. கொரலு மட்டும் அச்சு. போன்ல பேசினா பெத்த தாயே தடுமாறுவா. ஒருநாள் அண்ணன் பொஞ்சாதிக்குப் புருசன் மேல கோவம். கடைக்குப் போன் போட்டு, யாரு எவருன்னு கேக்காம கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஆரம்பிச்சிட்டா. எடுத்தது கொழுந்தன். "மைனி, நான் அவரில்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. ஊடால நிறுத்த ஒரு மாதிரியா இருந்துச்சாம். "ம்… ம்… சரி…"ன்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டு வச்சிட்டாரு. சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனா, "அதான் எல்லாத்துக்கும் சரின்னீயளே, இன்னும் ஏன் அடகு வச்ச நகையை மூட்டல?"ங்கா. அவருக்கு ஒண்ணும் புரியல. விசயம் வெளிய வந்த பெறவு அந்த ரெண்டு வீடும் பேச்சுவார்த்தைக்கு வர ரொம்ப நாளாச்சு.

சரி, தோணிக்கு வருவோம்.

மறுநாள் டீச்சர் ஒரு செட்ட எடுத்துட்டுத் துறைமுகச் சுவரோட கடைசிக்குப் போயி நின்னா. அண்ணாச்சி இன்னொரு செட்டோட தோணி மேல. பக்கத்துல சுக்கான் புடிக்கிற இன்னாசி; பெறவு எனக்கு இதெல்லாம் சொன்னது அவன்தான். நல்ல பலமான காத்து. செங்கல் ஏத்துதவன் கத்துதான், லாரிக்காரன் ஆரன் அடிக்கான், காக்கா வேற.

"வாட் இஸ் யுவர் கார்கோ?"

"ஆனியன். பொட்டேட்டோ. பிரிக்ஸ்." அண்ணாச்சி இன்னாசிய ஒரு பார்வை பாத்தாரு. இன்னாசி வாயப் பொளந்து நின்னான்.

"கோ டு பெர்த்…" அதுக்கு மேல காத்து.

"ரோஜர்"ன்னாரு. ரோஜர்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். ரேடியோவுல அப்படித்தான் சொல்லணும்.

செட்டு கரகரன்னுச்சு. ஊடால வெசல்னு ஒண்ணு, அனதர்னு ஒண்ணு விழுந்துச்சு.

"ரோஜர். யெஸ்."

"ஆர் யூ…" கரகர.

"யெஸ். யெஸ். ரோஜர்."

டீச்சர் செட்ட அமத்திட்டு நடந்து வந்தா. பலகை வழியாத் தோணியில ஏறினா.

"நான் என்ன சொன்னேன் அண்ணாச்சி?"

"பெர்த்து பத்தி. பெறவு… வெசல் நல்லா இருக்கான்னு."

"உங்க தோணிய வேற தண்டலுக்குக் குடுத்திறலாமான்னு கேட்டேன். யெஸ்ஸுன்னீய. நெசமாவான்னேன். யெஸ் யெஸ்ஸுன்னீய."

இன்னாசி சிரிச்சிட்டான். தண்டல் திரும்பினதும் கயிறு சுருட்டப் போயிட்டான்.

அண்ணாச்சிக்கு மொகம் செவந்து போச்சு. "காத்துல ஒண்ணும் காதுல விழல."

"விழலன்னு சொன்னியளா?"

"எப்படிச் சொல்ல? தண்டல் ரெண்டாந்தரம் கேக்க மாட்டான் டீச்சர். கேட்டா தோணியில ஒரு பய மதிக்க மாட்டான்."

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினா. கயிறு சுருட்டுதவனப் பாத்து, "இன்னாசி அண்ணே, தண்டல் வலத்துக்குத் திருப்புன்னா நீங்க என்ன செய்வீய?"ன்னா.

"வலத்துக்குத் திருப்புன்னு நானும் கத்திட்டுத் திருப்புவேன்."

"கத்தாம திருப்பினா?"

இன்னாசி கன்னத்தத் தடவிக்கிட்டான். "போன பயணத்துல ஒண்ணு வாங்கினேன்."

"உங்களுக்குக் காது மந்தமோ?"

"எனக்கா? நல்லாக் கேக்கும்."

டீச்சர் செட்டக் கீழ வச்சிட்டுப் பலகையில எறங்கிப் போயிட்டா.

அதுக்குப் பெறவு அண்ணாச்சி வகுப்புக்கு வரல. தெருவுல நடப்பாரு. கோயில் வரைக்கும் போவாரு, திரும்புவாரு. எங்க வாசல்ல நிப்பாரு. "டீச்சர் மேல இருக்காளா?"ம்பாரு. "இருக்கா, போங்க"ன்னா, "இல்ல, சும்மா கேட்டேன்"னு போயிருவாரு. அவரு பொஞ்சாதி வந்து சொல்லுதா, தூக்கத்துல "தர்ட்டீன், தர்ட்டி"ன்னு பொலம்புதாராம். தோணி போயிட்டா இந்த மனுசன வச்சிக்கிட்டு என்ன செய்யன்னு அவ கண்ணு கலங்குது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறி வந்தாரு. அன்னைக்குச் செருப்பக் கழட்ட மறந்திட்டாரு. நிலைவாசல்லயே நின்னு என்னமோ முனகினாரு.

"என்ன சொன்னீய?"ன்னா டீச்சர்.

"நாளைக்குப் பரீட்சை."

"என்ன சொன்னீய?"

"பரீட்சை எடுக்கிறவரு பேசுதது வெளங்கலைன்னா என்ன செய்யன்னு கேக்கேன்."

"இன்னொருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி அப்பத்தான் செருப்பக் கழட்டினாரு.

"பயமா இருக்கு டீச்சர்."

"பயமா இருக்கு, சரிதான?"

"ஆமா."

டீச்சர் நாற்காலிய இழுத்துப் போட்டா. அவரு உக்காந்தாரு.

"டீச்சர். உங்களுக்கு நெசமாவே காது…"

"நல்லாக் கேக்கும்."

அவரு தலையக் குனிஞ்சிட்டு இருந்தாரு. பெறவு கேட்டாரு. "இன்னொருக்கச் சொல்லுங்கன்னு இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கணும்?"

"சே அகெய்ன்."

"சே அகெய்ன். சரிதான?"

அன்னைக்குப் பாடம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தெருவே வாசல்லதான் நின்னுச்சு. பால்காரர் கூட வண்டிய நிறுத்திட்டாரு. அண்ணாச்சி மூலை திரும்பி வரும்போது மொகத்தப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. நேரா மாடிக்குப் போனாரு.

"என்ன ஆச்சு?"ன்னா டீச்சர்.

"ஒரு பெர்த்துக்குப் போகச் சொன்னாரு. தர்ட்டீனா தர்ட்டியா வெளங்கல. சே அகெய்ன்னேன்."

"பெறவு?"

"சொன்னாரு. அப்பமும் வெளங்கல. சுத்திலும் எல்லாத் தண்டலும் நிக்கானுவ. அந்தப் பய இன்னாசி வேற நிக்கான்."

"நீங்க?"

"இன்னொருக்கக் கேட்டேன். அவரு ஒவ்வொரு நம்பராப் பிரிச்சுச் சொன்னாரு. ஒன், த்ரீ. நானும் ஒன், த்ரீன்னேன்."

"சிரிச்சாவளா?"

"எனக்குப் பெறவு பேசினவன், ஆரம்பத்துலயே சே அகெய்ன்னான்."

"தோணி?"

"திங்கக்கிழமை கெளம்புது. நான்தான்." சொல்லிட்டு எந்திச்சாரு. சன்னலுக்குப் போனாரு, திரும்பி வந்தாரு. உக்காரல. ஜெயிச்ச மனுசனுக்கும் நிம்மதி இல்ல பாருங்க.

"ஆனா டீச்சர், தர்ட்டீனும் தர்ட்டியும் இன்னும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்கு. போறப்பவும் சே அகெய்ன், வாறப்பவும் சே அகெய்ன். வயசு வேற ஆவுது. எல்லாம் தெளிவா, ஒரே தரத்துல, இன்னொருக்கக் கேக்காமலே வெளங்குதது எப்பத்தான்?"

டீச்சர் சன்னலப் பாத்தா. திரை படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு.

"காத்து விழுந்தா கேக்கும் அண்ணாச்சி."

கஸ்பார் தண்டல் சன்னலுக்கு வெளிய கைய நீட்டிப் பாத்தாரு. "காத்து விழவே வேண்டாம் டீச்சர்"ன்னாரு.