அழுகை கேட்ட பக்கம்

சிறுமலை அடிவாரத்தில் தவமணி அம்மாவின் தியானக் குடில் இருந்தது. அம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடராக வந்து சேர்ந்த துரைப்பாண்டிக்கு அறுபத்து மூன்று. சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு துணிப்பையோடு தன் நாய் சோழியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இதுக்கு வலிப்பு வரும்மா. விட்டுட்டு வர மனசு வரலை."

"விட்டுட்டு வரச் சொன்னது யாரு?" என்றார் அம்மா.

ஒன்பதாம் நாள் காலை, எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சோழி பக்கவாட்டில் சாய்ந்தது. உடம்பு விறைத்தது. பிறகு நாலு காலும் படுத்தபடியே ஓடுவதுபோல் அடித்துக்கொண்டன. வாயில் நுரை தள்ளியது.

"வெறிநாய்!" என்று யாரோ கத்தினார்கள்.

"இரும்பைக் கொடுங்க, நின்னுரும்" என்று இன்னொருவர் சாவிக்கொத்தை நீட்டினார். துரைப்பாண்டி பதறிப்போய் அதை வாங்கி நாயின் பல்லுக்கிடையில் திணிக்கப் போனார்.

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாய்கிட்ட கை போகக் கூடாது ஐயா. அது நாக்கை முழுங்கிடாது."

நாயின் தலைமாட்டில் இருந்த ஸ்டூலைத் தூக்கி அப்பால் வைத்தார். ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வலிப்பு தானாக அடங்கியது.

"ரெண்டு நிமிஷம்" என்றார் அம்மா. "அஞ்சு தாண்டினா டாக்டர்கிட்ட ஓடணும்."

துரைப்பாண்டிக்கு ஆத்திரமாக வந்தது.

"அது அந்தப் பாடு படுது. நீங்க ஒண்ணுமே செய்யாம உட்கார்ந்திருந்தீங்களே அம்மா!"

"ஸ்டூலை நகர்த்தினேனே."

அன்றைக்கே திண்டுக்கல்லுக்குப் போய்க் கால்நடை டாக்டரைப் பார்த்தார்கள். காலை ஏழு, மாலை ஏழு, ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை. துரைப்பாண்டி நேரம் பிசகாமல் கொடுத்தார். கூடவே விடியற்காலையில் சோழியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரத்தெட்டு முறை நாமம் சொன்னார். முதலில் வலிப்பு குறைந்தது. பிறகு நாலு மாதம் எட்டியே பார்க்கவில்லை.

ஆனால் மாத்திரை சோழியை மந்தமாக்கியது. பின்னங்கால் தள்ளாடியது. எவ்வளவு போட்டாலும் பசி அடங்காமல் தட்டை நக்கிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அதுதான் குணமாகிவிட்டதே, இனி எதற்கு இந்த விஷம்? நாமம் பார்த்துக்கொள்ளும்.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வலிப்பு வந்தது. சோழிக்கு நினைவு திரும்புமுன் மறுபடி வந்தது. அம்மா ஆட்டோவை வரவழைப்பதற்குள் மூன்றாவதும் வந்துவிட்டது. துரைப்பாண்டி வழி முழுக்க நாயை மடியில் போட்டுக்கொண்டு நாமம் சொல்லப் பார்த்தார். நாக்கு எழவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். நாய் அடங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாத்திரையை நிறுத்துனீங்களா?"

துரைப்பாண்டி தலையசைத்தார்.

"திடீர்னு நிறுத்தவே கூடாதுங்க. வலிப்பு வராத நாளெல்லாம் மாத்திரை வேலை செஞ்ச நாள். மந்தமா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க, அளவைப் பார்ப்போம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. மூலையில் போய் உட்கார்ந்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை. பாதத்தில் ஏதோ ஈரமாகப் பட்டபோதுதான் துண்டை விலக்கினார். சோழி அவர் காலில் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இது முழுசாத் தீராதாம் அம்மா. ஆயுசு பூரா மாத்திரையாம்."

"ஆமா."

"என் நாமத்தாலயும் ஆகலை. போதாக்குறைக்கு நானே அதைச் சாவுகிட்ட கொண்டுபோயிட்டேன். அப்புறம் அதுக்கு நான் எதுக்கும்மா? விவரம் தெரிஞ்சவங்க யாராவது வளர்க்கட்டுமே."

அம்மா சோழியின் காதைத் தடவிக்கொண்டே வந்தார். அடிவாரத்துப் புளியமரங்கள் தெரிய ஆரம்பித்தன.

"நீங்க துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தீங்க ஐயா, பார்த்திருக்க மாட்டீங்க. முழிச்சதும் கொஞ்ச நேரம் அதுக்குக் கண்ணு தெரியலை. சுவத்துல முட்டிச்சு. டாக்டர் கையை நீட்டினார், நடுங்கிப் பின்னால போச்சு. நான் கூப்பிட்டேன், என்னைப் பார்த்து உறுமிச்சு."

"அப்புறம்?"

"அழுகை கேட்ட பக்கமா நடந்துச்சு."