ஊசி குத்திய இடம்

“அங்கம்மா ரத்தத்துல பிளேட்லெட்டே இல்ல, சிஸ்டர்.”

சிஸ்டர் அமலோற்பவம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“யார் சொன்னா?”

“மெஷின். பதினெட்டாயிரம்னு காட்டுது. ஒன்றரை லட்சமாவது வேணும்.”

“ரத்தம் எடுத்தீங்களே, ஊசி குத்தின இடத்துல நின்னுச்சா?”

“கவனிக்கல.”

“கவனிச்சிட்டு வாங்க.”

மலை மேல் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முழுவதும் கன்னியாஸ்திரியான இந்த டாக்டரின் பொறுப்பு. டாக்டர் அருணகிரி அவரிடம் பாடம் கேட்க வந்தவர். சிஷ்யர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காலமெல்லாம் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, இந்த ரத்தத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் மலை ஏறியிருந்தார். ஆசை யாரை விட்டது.

அங்கம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஏற்கெனவே இரண்டு ஆஸ்பத்திரிகளில் இதே எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து, ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஊரே பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்துப் பார்த்தது. இங்கேயும் துரத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், வயர்க்கூடையை மடியைவிட்டு இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அருணகிரி பார்த்துவிட்டு வந்தார்.

“பஞ்சு காஞ்சு கிடக்கு. அப்பவே நின்னுருக்கு.”

“யார் நிறுத்துனா?”

அருணகிரி மெஷின் காட்டிய எண்ணை மறுபடி பார்த்தார். ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் முதலில் ஓடிப்போய் அடைப்பது பிளேட்லெட் என்கிற தட்டணுதான் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தவர் அவர்.

“விரல்ல குத்துங்க,” என்றார் சிஸ்டர். “காலையில ரத்தம் எடுத்த அந்த டியூப்ல விடாம, நேரா கரைசல்ல கலந்து நீங்களே எண்ணுங்க.”

அருணகிரி குத்தினார். கலந்தார். சிவப்பணுக்கள் கரைந்து போயின. கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, உடனே லென்ஸில் கண்ணை வைத்தார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று தெரிந்தது. மேலே ஒன்று மிதந்தது. அதை எண்ணுவதற்குள் அது காணாமல் போனது.

“இதுலயும் கம்மிதான் சிஸ்டர்.”

அவர் குரலில் லேசாக ஜெயித்த தோரணை. அங்கம்மாவின் கூடை நினைவுக்கு வந்ததும் அது கசந்தது.

சிஸ்டர் ஒரு கண்ணாடித் தட்டில் ஈரத்தாளை விரித்தார். கட்டக் கண்ணாடியை அதற்குள் வைத்து மூடினார்.

“எதுக்கு?”

“உக்காரட்டும்.”

“யாரு?”

“எல்லாரும்,” என்று சிஸ்டர் காலால் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

அருணகிரி உட்கார்ந்தார். உடம்புதான் உட்கார்ந்தது.

“சர்ஜன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். நான்தான் கையெழுத்துப் போடணும். கம்மின்னு எழுதினா அந்தம்மாவ அனுப்பிருவாங்க. நிறைய இருக்குன்னு எழுதி, அது தப்பா இருந்தா, மேஜையிலேயே ரத்தம் போய் செத்துரும். பயமா இருக்கு சிஸ்டர்.”

“பயப்படுங்க. எந்திரிக்காம பயப்படுங்க.”

கொஞ்ச நேரம் கழிந்தது. சும்மா இருக்கத் தெரியாதவருக்குக் கேள்வி வரும்.

“இதெல்லாம் எங்கிருந்து வருது? பாடத்துல படிச்சது மறந்து போச்சு.”

சிஸ்டர் டிபன் டப்பாவைத் திறந்து காட்டினார். மடத்து அடுப்படியில் செய்த இடியாப்பம்.

“எலும்பு மஜ்ஜைக்குள்ள ஒரு பெரிய செல் உக்காந்திருக்கும். தன் உடம்பையே இப்படி இழை இழையா ரத்தக் குழாய்க்குள்ள இறக்கும். ஓடுற ரத்தம் அதைப் பிச்சுப் பிச்சு எடுத்துட்டுப் போகும். அந்தத் துண்டுதான் பிளேட்லெட்.”

“அந்தப் பெரிய செல்லுக்கு என்ன மிஞ்சும்?”

“நடுவுல இருக்கற கரு.”

“அப்புறம்?”

“அதையும் வேற செல் வந்து தின்னுரும்.”

“அப்ப அது செத்துப் போச்சா?”

சிஸ்டர் மூடிவைத்த கண்ணாடித் தட்டைப் பார்த்தார். அருணகிரியும் பார்த்தார்.

“சரி, காயமே படலன்னா இதுகளுக்கு என்ன வேலை?”

“ஒரு பத்து நாள் சுத்தும். அப்புறம் மண்ணீரல்ல போய் முடிஞ்சிரும்.”

“வெட்டியாவா?”

“நிஜமாவே பிளேட்லெட் இல்லாத ஆளோட காலைப் பாத்திருக்கீங்களா?”

பார்த்திருந்தார். அடி இல்லை, கீறல் இல்லை. ஆனாலும் முழங்காலுக்குக் கீழே தோல் முழுக்க, ரத்தம் தானாகக் கசிந்த சிவப்புப் புள்ளி. அதன் பிறகு அவர் வெட்டி என்று சொல்லவில்லை.

“இப்பப் பாருங்க,” என்றார் சிஸ்டர்.

அருணகிரி குனிந்தார். முன்பு மிதந்ததெல்லாம் அடியில் இறங்கி, கட்டத்துக்குக் கட்டம் மினுங்கிக்கொண்டிருந்தது. எண்ணினார். நம்பாமல் திரும்பவும் எண்ணினார்.

“ரெண்டு லட்சத்துக்கு மேல வருது.”

“ம்.”

“அப்ப அந்த டியூப்ல இருந்ததெல்லாம் எங்க போச்சு?”

சிஸ்டர் அந்த டியூப் ரத்தத்தை ஒரு கண்ணாடியில் இழுத்து, சாயம் ஏற்றி, லென்ஸுக்கு அடியில் வைத்தார். “நடுவுல தேடாதீங்க. ஓரத்துக்குப் போங்க.”

ஓரத்தில் இருந்தன. திருவிழாவில் தொலைந்துபோகாமலிருக்கக் கைகோத்தவர்கள் போல, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“ரத்தம் உறையாம இருக்க டியூப்ல ஒரு மருந்து இருக்கு. சில பேர் ரத்தத்துக்கு அது ஒத்துக்காது. எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும். மெஷினுக்கு ஒத்தை ஆளைத்தான் எண்ணத் தெரியும்.”

அருணகிரிக்குக் கோபம் வந்தது. “ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் இந்த ஓரத்தை யாரும் பாக்கலையா?”

“காலையில நீங்க பாத்தீங்களா?”

அருணகிரி எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்ஜனுக்குச் சொல்லிவிட்டு வார்டுக்கு நடந்தார்.

அங்கம்மா அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?”

அவர் கூடையை அவள் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவளுக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது.

குத்திய விரலில் இன்னும் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். விடலாம் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவரே பஞ்சை எடுத்தார். விரல் காய்ந்திருந்தது.

“உங்களுக்கு எப்பவும் இப்படி சீக்கிரமா நின்னுருமாம்மா?”

“அருவா பட்டாலும் நின்னுரும்ங்க,” என்றாள் அங்கம்மா. “இத்தன நாளா யாரும் கேக்கலையே.”