அம்பு பார்க்காத இன்ஜின்

ஓலப்பாளையம் அர்த்தநாரிக்கு மூன்று மருமகன்கள். மூவரில் மூத்தவரான சென்னியப்பன்தான் அறிவாளி. அப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை, சென்னியப்பனேதான். "நான் மட்டும் அன்னைக்கு அங்க இல்லாம இருந்திருந்தா, வேலை இவ்வளவு கெட்டிருக்காது" என்று இப்போதும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்று கடைசிப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்குவார்கள். அவர்களை மாமனாரின் பழைய காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஊருக்குக் கொஞ்சம் காட்டுவோமே என்று சென்னியப்பன் காரைத் தெருத்தெருவாக ஓட்டினார். வண்டி இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார்.

டவுன் மெக்கானிக் காதர் போனிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "பெட்ரோல் ஃபில்டர் அடைச்சிருக்குதுங்க. புதுசு டிக்கியில கிடக்கும், நீங்களே மாத்திரலாம். ஆனா வண்டி சூடு தணிஞ்சப்புறம் கை வையுங்க."

சூட்டைத் தணிப்பது எப்படி என்று மூன்று சகலைகளும் கூடிப் பேசினார்கள்.

"எனக்குச் சூடு பிடிச்சா உங்க கொழுந்தியா வெந்தயம் அரைச்சுத் தலையில வைப்பா" என்றார் இரண்டாவது சகலை நாச்சிமுத்து.

"காருக்குத் தலை எதுங்க?" என்று கேட்டார் மூன்றாவது சகலை சின்னராசு.

சென்னியப்பன் காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். "லைட்டு ரெண்டும் கண்ணு. அப்ப பேனட்டுதான் நெத்தி."

சமையலுக்கு ஊறவைத்திருந்த வெந்தயம் பூராவும் அரைபட்டு பேனட்டுக்குப் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. வைத்தியம் பலித்ததில் சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போது மாமனார் பதறிக்கொண்டு வந்தார். "மாப்ளைங்களா, இந்தக் காரைச் சொல்லித்தான் சம்பந்தி வீட்டுல பெருமை அடிச்சு வெச்சிருக்கேன். படுத்துக்கிச்சுன்னு தெரிஞ்சா என் மானம் போயிரும். காதும் காதும் வெச்ச மாதிரி வேலையை முடிச்சிருங்க."

மாமனார் பேச்சை மீறலாமா? மூவரும் வண்டிக்கடியில் வரிசையாகப் படுத்து, ஒருவர் காதை அடுத்தவர் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு காது மிஞ்சியது. ஒட்டவைக்க ஆளில்லாத காதை என்ன செய்வது? விவாதம் நீண்டது. கடைசியில் அந்த இரண்டிலும் பஞ்சை வைத்து அடைத்தார்கள்.

பழைய ஃபில்டரோ ரப்பர் பைப்பைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. மறுபடியும் காதருக்குப் போன் போட்டார்கள்.

"இறுக்கி இழுத்தா பைப்பு கிழிஞ்சிருமுங்க. விட்டுப் பிடிங்க" என்றார் காதர்.

"விடு!" என்றார் சென்னியப்பன். மூவரும் விட்டார்கள். "பிடி!" என்றார். மூவரும் பிடித்தார்கள். விடுவதும் பிடிப்பதுமாகக் கிடந்ததில், ஃபில்டரே அலுத்துப்போனதுபோலப் பொலுக்கென்று கழன்று, "விடு" சொல்லத் திறந்த சென்னியப்பனின் வாய்க்குள் பெட்ரோலைக் கொட்டியது.

"ருசி எப்படிங்க சகலை?" என்றார் சின்னராசு.

"பழசு" என்று சென்னியப்பன் துப்பினார்.

புது ஃபில்டரை அவரே தன் கையால் மாட்டினார். காதர் போனில் கத்தினார்: "அதுல ஒரு அம்பு போட்டிருக்கும். அம்பு இன்ஜினைப் பாத்து இருக்கோணும். இல்லீன்னா திருப்பி..." அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அம்பு டிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திருப்பச் சொன்னாரு. எதை?" என்றார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "அம்பு இப்ப ரோட்டைப் பாத்துட்டு இருக்குது. இன்ஜின் வீட்டுப் பக்கம் இருக்குது. இன்ஜினை ரோட்டுப் பக்கம் கொண்டுபோயிட்டா, அம்பு தன்னால இன்ஜினைப் பாத்துரும்."

இத்தனை தெளிவாகப் பேசினால் யார்தான் மறுக்க முடியும்? மூவரும் மூச்சுமுட்டக் காரைத் தள்ளித் திருப்பினார்கள். வாசலில் கட்டியிருந்த வாழைமரம் ஒன்று சாய்ந்தது. குனிந்து பார்த்தால், அம்பு இப்போது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டி திரும்பறப்ப இதுவும் கூடவே திரும்பிருச்சுங்க!" என்றார் சின்னராசு. "ஒருத்தர் அடியில படுத்து, அம்பைத் திரும்பவிடாம பிடிச்சுக்கோணும்."

நாச்சிமுத்து படுத்துப் பிடித்துக்கொண்டார். மற்ற இருவரும் தள்ளினார்கள். முதுகெல்லாம் கோலப்பொடியோடு வெளியே வந்தவர் நொந்துபோய்ச் சொன்னார்: "கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன். ஆனா அதோட நானும் திரும்பிட்டேன்."

அதற்குள் கார் வருமென்று காத்துக் காத்துப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், தாம்பாளத் தட்டுகளோடு வெயிலில் நடந்தே வந்துவிட்டார்கள். மாமனார் முகம் கறுத்துப்போனது. சென்னியப்பன் காருக்குப் பின்னால் ஒதுங்கினார். தன்னால் ஒரு சம்பந்தமே முறியப்போகிறதே!

மாப்பிள்ளை குழந்தைவேலு மட்டும் காரருகே வந்து, "என்னாச்சுங்க?" என்றார். தலையைக் குனிந்தபடி சென்னியப்பன் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

மாப்பிள்ளை மண்டிபோட்டு அடியில் பார்த்தார். எழுந்து முன்னால் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார்.

"அம்பு சரியாத்தானுங்க இருக்குது. கார் செஞ்சவங்கதான் இன்ஜினைத் தப்பா முன்னால வெச்சுட்டாங்க."

சென்னியப்பனின் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருவர் இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு நாளாகக் கிடைக்காமல் போனாரே!

உள்ளே போன மாமனார், சம்பந்தியை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, தட்டு மாற்ற மாப்பிள்ளையைத் தேடி வெளியே வந்தார். சகலைகள் மூவரும் பேனட்டைத் திறந்து, இன்ஜினுக்கு ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்து முக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்கிக்குள் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, இரண்டு கையையும் நீட்டி, "இங்க இடம் தாராளமா இருக்குதுங்க, கொண்டாங்க!" என்றார்.