நீல நோட்டின் முதல் வரி

"முதல் வரியே தப்பு மேடம்."

ஞானசிகாமணி சொல்லிவிட்டார். மூன்று வாரமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை.

யமுனா தலையை நிமிர்த்தவில்லை. "எதோட முதல் வரி சார்?"

"நீல நோட்டோட."

இப்போது நிமிர்ந்தார்.

அந்த ஆய்வகத்தில் மாணவருக்கு வயது ஐம்பத்தொன்று, வழிகாட்டிக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேதியியல் நடத்திவிட்டு, வேலையை உதறிவிட்டு ஏற்காடு மலையேறி வந்தவர் ஞானசிகாமணி. அவர் மேடம் என்பார், யமுனா சார் என்பார். மரியாதை இரண்டு பக்கமும் இருந்தது. பயம் மட்டும் மாணவர் பக்கம்தான்.

ஆராய்ச்சி ஒரு காளானைப் பற்றியது. பட்டு நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவை ஜாடியில் போட்டு அதை வளர்க்கிறார்கள். முதலில் புழுவுக்குள் நூல் நூலாகப் பரவும். பிறகு புழுவையே இறுக்கிக் கட்டையாக்கும். கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் விரல் விரலாக வெளியே நீட்டும். மருந்து மருந்து என்று ஊரெல்லாம் அலைவது அந்த விரலுக்குத்தான்.

மூன்று பருவத்திலும் மரபணுக்கள் அதேதான். எது எப்போது பேசுகிறது, எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதில்தான் வித்தியாசம். அதை அளக்க, எப்போதும் ஒரே குரலில் பேசும் மரபணு ஒன்று வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றைச் சொல்ல முடியும். அதுதான் அளவுகோல்.

அளவுகோல் எது என்பதை ஒன்பது வருடத்துக்கு முன்பு யமுனா நீல நோட்டின் முதல் வரியில் எழுதினார். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு பேர் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் பிழைப்பு நடக்குமா?

"என்ன தப்பு?"

"உங்க அளவுகோல் ஒரே குரல்ல பேசலைங்க மேடம். விரல் விடற பருவத்துல நாலுல ஒரு பங்காக் குறைஞ்சுடுது. அதனாலதான் மருந்தைச் செய்யற மரபணு அங்க கத்தற மாதிரி தெரியுது. அது கத்தவே இல்ல."

"உங்க கை நடுங்கியிருக்கும்."

ஞானசிகாமணிக்குச் சுருக்கென்றது. "அப்ப உங்க கையால செஞ்சு பாருங்க."

சொன்ன பிறகுதான், வழிகாட்டியிடம் இப்படிப் பேசியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

யமுனா எழுந்தார். ஜாடிகளை அவரே எடுத்து வந்தார். மூன்று பருவத்திலிருந்தும், மரபணு பேசும்போது உண்டாகும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ஒரே அளவாக எடுத்து, இயந்திரத்தில் வைத்தார். இருவரும் மதியச் சாப்பாட்டை மறந்தார்கள்.

திரையில் அளவுகோல் மரபணுவின் கோடுகள் எழும்பின. முதல் இரண்டு பருவமும் ஒன்றாக எழும்பின. விரல் பருவத்தின் கோடு பின்தங்கி வந்தது. பின்தங்கினால் குரல் குறைவு என்று அர்த்தம்.

யமுனா இன்னொரு முறை ஓட்டினார். அதே பின்தங்கல்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டதான் முதல்ல."

"சொல்லாம விட்டா அடுத்த மாசம் உங்களுக்கு டாக்டர் பட்டம்."

"தெரியும்."

"சொன்னா எல்லாத்தையும் திரும்ப அளக்கணும். ரெண்டு வருஷம். உங்களுக்கு ஐம்பத்திமூணு ஆயிடும்."

"சொல்லலைன்னாலும் ஆகும் மேடம்."

யமுனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. "என்னோட மூணு கட்டுரையும் போகும். எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான்."

"போகட்டும்."

"எவ்வளவு சுலபமாச் சொல்றீங்க. உங்க ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடலைன்னா?"

பட்டத்தின் மேல் ஆசை இல்லாதவரல்ல ஞானசிகாமணி. செய்தித்தாள் ஓரத்தில் தன் பெயருக்கு முன்னால் முனைவர் என்று எழுதி எழுதிப் பார்த்தவர்தான். பைண்டு பண்ணிய ஆய்வேட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"போடாதீங்க. அந்த அளவுகோலை வெச்சு எழுதின எதுலயும் என் பேர் வேண்டாம்."

யமுனா நீல நோட்டைத் திறந்து முதல் வரியை அடித்தார். ஒரு கோடு போதும், மூன்று போட்டார்.

"கட்டுரை போட்ட பத்திரிகைகளுக்கு நானே எழுதறேன். சரி, எதுதான் மாறலை?"

ஞானசிகாமணி வேறொரு மரபணுவின் பெயரைச் சொன்னார். மூன்று பருவத்திலும் அதன் கோடுகள் ஒட்டிக்கொண்டே எழும்பியதைக் காட்டினார். யமுனா திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அடித்த வரிக்கு மேலே அந்தப் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனார்.

ஞானசிகாமணி நோட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"எழுதாதீங்க மேடம்."

"நீங்க கண்டுபிடிச்சது சார்."

"அதனாலதான் சொல்றேன்."

"அப்ப நாளைக்கு வர்றவங்க எதைப் பார்த்து எழுதுவாங்க?"

"ஜாடியைப் பார்த்து."