வெள்ளைப் பூ வரும் வரை

குடமுருட்டிக் கரையில் உள்ள அந்த ஆசிரமத்தில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. புதிதாக வருகிறவர்கள் ஆளை மாற்றிக் கும்பிட்டுவிடுவார்கள். குருவான தவமணி அம்மா அதைத் திருத்துவதில்லை. சீடர் கனகசபாபதியும் அவ்வளவு அவசரமாகத் திருத்துவதில்லை.

கனகசபாபதிக்கு டெல்டா முழுக்கப் பலசரக்குக் கடைகள். மன்னார்குடிக் கடையை மட்டும் அவருடைய அக்கா செண்பகவல்லி நடத்திவந்தார். அத்தான் போன பிறகு அக்காவுக்குச் சோறும் மரியாதையும் அந்தக் கடைதான். அதை மூடுவதென்று தீர்மானித்துவிட்டுத்தான் அன்று காலை அவர் வந்திருந்தார். அக்காவும் தவமணி அம்மாவின் பேச்சைத் தட்டாதவர். அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டில் ரகளை இருக்காது.

"நானாக எடுத்த முடிவில்லை அம்மா. டேட்டா சொல்கிறது."

தரவு என்று தமிழில் நல்ல சொல்லே இருக்கிறது. அவர் டேட்டா என்றுதான் சொன்னார், வாய் நிறைய. யார் எந்தக் கிழமை என்ன வாங்குகிறார், மழை பெய்தால் எது விற்கும், பருப்பு விலை ஏறினால் எந்தத் தெருக்காரர் எதிர்க்கடைக்குப் போவார் என்று லட்சக்கணக்கான ரசீதுகளை அலசிச் சொல்ல ஓர் ஆய்வாளரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறாராம். எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்பதெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் கையில். அவருடைய அப்பாவானால் ஒவ்வொரு கடைக்கும் அம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"அதை எப்படிப் பார்ப்பார்கள்? மறந்துவிட்டது," என்றார் அம்மா.

கனகசபாபதி உற்சாகமாக விளக்கினார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அடையாளம் தெரியாமல் கட்டி, குலுக்கி, அம்மன் முன்னால் போட வேண்டும். எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது.

அம்மா முற்றத்திலிருந்து நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறித்துவந்து வாழையிலைத் துண்டுகளில் கட்டினார். இன்று மத்தியானம் பாயசம் வைக்கலாமா என்பது கேள்வி. கனகசபாபதி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"இலை ஈரம். இது சேர்த்தி இல்லை," என்று அம்மா மறுபடி கட்டினார்.

மறுபடியும் சிவப்பு. கிழக்கே பார்த்து உட்காராமல் எடுத்தது செல்லாது என்றார் அம்மா. சீடரைத் திரும்பி உட்காரச் சொல்லி இன்னொரு தடவை. இப்போது வெள்ளை வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, உத்தரவு ஆகிவிட்டது, சேமியாவை வறுக்கலாம் என்று குரல் கொடுத்தார்.

கனகசபாபதிக்குச் சிரிப்பு தாளவில்லை. "வெள்ளை வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தால் அம்மன்தான் என்ன செய்வாள், அம்மா?"

"பாவம்தான். உங்கள் டேட்டா முதல் தடவை என்ன சொன்னது?"

"லாபம் என்றுதான் வந்தது. ஆனால் தீபாவளி, பொங்கல் விற்பனையை வைத்து ஒரு கடையை எடைபோடக் கூடாதில்லையா? அதைக் கழிக்கச் சொன்னேன்."

"கழித்ததும்?"

"சுமார். அப்புறம் கல்யாண மண்டபத்துக்காரர்கள் மொத்தமாக வாங்குவதையும் கழித்தால்தான் உண்மை நிலவரம்..."

பேச்சு பாதியில் நின்றது. பிரித்துப்போட்ட வாழையிலை அவர் காலடியில் கிடந்தது.

"ஈரமோ?" என்றார் அம்மா.

அவர் குனிந்து அந்த இலையை எடுத்து மடித்தார்.

"இந்த ஆராய்ச்சியை எப்போது ஆரம்பித்தீர்கள், முதலாளி?"

"ஆவணிக் கடைசியில்."

"உங்கள் மகள் கல்யாணம் ஆவணி நடுவில்."

அந்தக் கல்யாணத்துக்கு அம்மாவும் போயிருந்தார். பந்தியில் சம்பந்தி வீட்டார் எதிரில் செண்பகவல்லி தம்பியின் தோளைத் தட்டி, பத்தாவது கணக்கில் ரெண்டு தடவை கோட்டை விட்டவன், இன்னிக்கு இத்தனை கடைக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று பூரித்துப்போய்ச் சொன்னார். சம்பந்தி தேவைக்கு மேல் சிரித்தார். கனகசபாபதி அன்று பாயசம் சாப்பிடவில்லை.

இப்போது அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். வந்தபோது இருந்த அதே உறுதி முகத்தில் இருந்தது. கார் மட்டும் வேறு பக்கம் போக வேண்டியிருந்தது.

"மன்னார்குடிக்குப் போகிறேன். அக்காவிடம் என்ன சொல்வது?"

"அன்றைக்கு வலித்தது என்று சொல்லுங்கள். அதற்கு அவர் ஆதாரம் கேட்கமாட்டார்."

"கடை?"

"அதைக் கம்ப்யூட்டரிடமே கேளுங்கள். எந்தப் பூ வந்தால் மூடமாட்டீர்கள் என்று முன்கூட்டியே அக்காவிடம் சொல்லிவிட்டு, ஒரே தடவை."