பிலாத்துகிட்ட மாட்டிக்கிட்ட மாப்பிள்ளை

ஒரு ஊர்ல ஒரு மாப்பிள்ளை இருந்தான். இருந்தான்னா, இன்னும் ஆகல, ஆகப் போறவன். பேரு கஸ்பாரு. கடற்கரை ஊரு, நம்ம ஊரு மாதிரிதான். ஒரு பக்கம் வேதக்கோயில், ஒரு பக்கம் கடல், நடுவுல மீன் வாடை. ம் சொல்லு மக்கா, சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

கஸ்பாரு ஆளு மலை மாதிரி. கரைவலை இழுக்கையில நாலு பேரு நிக்கிற இடத்துல இவன் ஒருத்தனே நிப்பான். சுறா வாய்க்குள்ள கைய விடுடேன்னா விட்டுப் பாப்பான். ஆனா சாமியாரு முன்னாடி போய் நின்னா மட்டும் நாக்கு கருவாடு மாதிரி காஞ்சிரும்.

அவனுக்கும் அவன் மாமா மக சலேத்துக்கும் கல்யாணம் பேசியாச்சு. நம்ம கோயில்ல ஒரு வழக்கம் உண்டுல்ல? கல்யாணம் கட்டப் போறவங்க சாமியாருகிட்ட மந்திரம் ஒப்பிக்கணும். மந்திரம்னா பேய் ஓட்டுறதில்ல, ஜெபம். ஒப்பிச்சாத்தான் ஞாயித்துக்கிழமை பூசையில ஓலை வாசிப்பாங்க, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு. மூணு ஞாயிறு வாசிக்கணும். அப்புறந்தான் கல்யாணம். அதைத் தாண்டுனா தவக்காலம் வந்துரும், தவக்காலத்துல கல்யாணமே கிடையாது. அதனால இந்தச் சனிக்கிழமைக்குள்ள கஸ்பாரு ஒப்பிக்கலைன்னா, ஈஸ்டர் கழியணும். சலேத்தோட அப்பா அதுவரைக்கும் பொறுக்கிற ஆளா? "ஜெபம் தெரியாதவனுக்கு என் மகளத் தரமாட்டேன், வேற இடம் பாத்துருவேன்"னு சொல்லிட்டாரு.

சலேத்து போனா. மடமட மடமடன்னு மழை மாதிரி ஒப்பிச்சிட்டு வந்துட்டா.

அப்புறம் கஸ்பாரு போனான். சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு, போனான். சாமியாரு மூக்கு நுனியில கண்ணாடியோட உக்காந்திருந்தாரு.

"விசுவாசப் பிரமாணம் சொல்லுப்பா."

அது ரொம்ப நீளமான ஜெபம் மக்கா. கஸ்பாரு ஆரம்பிச்சான். தக்குமுக்கு தக்குமுக்குன்னு போனான். 'போஞ்சு பிலாத்து' வரைக்கும் வந்தான். அங்க நின்னுட்டான்.

"ம், பிலாத்து..." அப்படின்னாரு சாமியாரு.

"பிலாத்து," அப்படின்னான் இவன்.

"சரி. பிலாத்துக்கு அப்புறம்?"

"பிலாத்துதான் சாமி."

"பிலாத்து யாரும்மா?"

பிலாத்து யாருன்னா கேக்குற மக்கா? பெரிய அதிகாரி. இயேசுவைச் சாகடிக்கச் சொல்லிட்டு, எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு கை கழுவுனவன். நீ சோறு தின்னுட்டுக் கை கழுவாம ஓடுவியே, அவன் தப்பு பண்ணிட்டுக் கழுவுனான். சரி, கேளு.

சாமியாரு கண்ணாடியைக் கழட்டுனாரு. "ஏம்ப்பா, ஆண்டவரை அந்த ஆளுகிட்டயே விட்டுட்டுப் போறியே, நல்லாவா இருக்கு? படிச்சிட்டு வா."

கஸ்பாரு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். சலேத்து தண்ணிக் குடத்தோட எதுக்க வந்தா.

"என்ன அத்தான், ஆச்சா?"

"பிலாத்து விடமாட்டேங்கான் பிள்ள."

அவ சிரிக்கல. குடத்தை இறக்கி வச்சா. கொஞ்சம் யோசிச்சா. "வலை இழுக்கையில அம்பா பாட்டு எவ்வளவு நீளம் பாடுறீங்க, ஒரு வார்த்தை விடாம? ஜெபத்தையும் கயித்த இழுத்துக்கிட்டே சொல்லிப் பாருங்க."

மறுநாள் கரையில கயிறு பிடிச்சான். ஏலேலோன்னு ஒரு இழுப்பு, ஒரு வரி ஜெபம். ஐலசான்னு ஒரு இழுப்பு, இன்னொரு வரி. சர்ருன்னு பிலாத்தைத் தாண்டிப் போயிட்டான். சிலுவை, கல்லறை, உயிர்ப்பு, எல்லாம் வந்துருச்சு. கூட இழுத்தவங்க எல்லாரும் ஆமென் போட்டாங்க. அன்னைக்கு மீனும் நல்லாப் பட்டுச்சு. ம்?

"ம்."

அப்போ ரெண்டாந்தரம் போனான். நெஞ்ச நிமுத்திக்கிட்டுப் போனான். சாமியாரு நாற்காலி போட்டு உக்கார வச்சாரு. உக்காந்தா கை ரெண்டும் மடியில சும்மா கிடந்துச்சு. இழுக்க ஒண்ணும் இல்ல. தக்குமுக்கு, தக்குமுக்கு, பிலாத்து. நின்னுட்டான்.

"திரும்பவும் அவனா?" அப்படின்னாரு சாமியாரு.

"கரையில தாண்டிட்டேன் சாமி. சத்தியமா."

"கரையில தாண்டுனா ஆச்சா? கோயில்லல்ல தாண்டணும்."

சனிக்கிழமை வந்துருச்சு. கடைசி நாள். மாமனாரு தெருவுல நின்னு, "மருமகனே, போறீகளா? பிலாத்தைக் கேட்டதாச் சொல்லுங்க"ன்னாரு. ஊரே சிரிச்சுது. சலேத்து மட்டும் கதவுக்குப் பின்னாடி செபமாலையை உருட்டிக்கிட்டு நின்னா.

அப்போ மூணாந்தரம் போனான். சாமியாரு கோயில் வராந்தாவுல நடந்துக்கிட்டு இருந்தாரு. "இங்கயே சொல்லுப்பா"ன்னாரு. கஸ்பாரு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னான். வேர்த்துச்சு. கை தன்னால எதையோ தேடுச்சு. பிலாத்து வந்துட்டான். அப்போ பக்கத்துல கைக்கு ஒரு கயிறு தட்டுப்பட்டுச்சு. கெட்டியாப் பிடிச்சு ஒரே இழுப்பு.

டாங்!

கோயில் மணிக் கயிறு மக்கா அது.

ஒரு வரி சொன்னான், டாங். இன்னொரு வரி, டாங். பிலாத்து போன இடம் தெரியல. அகாலத்துல மணி அடிச்சா அந்த ஊர்ல என்ன அர்த்தம்? கடல்ல வள்ளம் கவுந்துருச்சுன்னு அர்த்தம். ஊரு திமுதிமுன்னு ஓடி வந்துச்சு. பாதி முகத்துல சோப்பு நுரையோட ஒருத்தரு, அகப்பையோட ஒருத்தி, ஈரத் துண்டோட மாமனாரு. வந்து பாத்தா வள்ளமும் கவுழல, ஒண்ணும் இல்ல. கஸ்பாரு கண்ணை இறுக மூடிக்கிட்டு, மணியடிச்சுக்கிட்டே, இயேசுவைக் கல்லறையில இருந்து எழுப்பிக்கிட்டு இருந்தான். முடிச்சான். ஊரே சேர்ந்து ஆமென் சொல்லுச்சு. அப்பத்தான் கண்ணைத் தொறந்தான்.

சாமியாரு மாமனாரைப் பாத்தாரு. "என்னய்யா, ஜெபம் தெரியாதவன்னீரே. ஊரையே கூட்டி வச்சுல்ல ஒப்பிச்சிருக்கான்."

மாமனாரு ஈரத் துண்டால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டாரு. "நாளைக்கே ஓலை வாசிச்சிருங்க சாமி. இவன் இன்னொரு தரம் ஒப்பிச்சா மணி தாங்காது."

அப்புறம் மூணு ஞாயிறும் ஓலை வாசிச்சாங்க. ஒரு தடையும் வரல. கல்யாணத்தன்னைக்குப் பீடத்துக்கு முன்னாடி நின்னாங்க. அங்கயும் வாக்குறுதி சொல்லணும்ல? இன்பத்துலயும் துன்பத்துலயும் உன்னை விடமாட்டேன்னு. சாமியாரு எடுத்துக் கொடுத்தாரு. கஸ்பாரு வாயத் தொறந்தான், காத்துதான் வந்துச்சு. சாமியாரு பயந்துபோய் மணிக் கயிறு கட்டியிருக்கான்னு எட்டிப் பாத்தாரு.

சலேத்து பாத்தா. முக்காட்டுக்குள்ள இருந்து மெதுவாக் கைய நீட்டுனா. "இழுங்க அத்தான்," அப்படின்னா.

இன்பத்துலயும்னு ஒரு இழுப்பு, அவ ஒரு அடி முன்னாடி வந்தா. துன்பத்துலயும்னு ஒரு இழுப்பு, இன்னும் ஒரு அடி. கடைசி வரைக்கும்னு சொல்லி முடிக்கையில, அவ அவன் நெஞ்சுல முட்டிக்கிட்டு நின்னா.

வலை கரை ஏறிருச்சு, கதையும் கரை ஏறிருச்சு. ம்? ... ம் சொல்ல மாட்டியா? சரி, சரி. தூங்கு மக்கா.