நிரந்தரமாகத் தங்குவோர் பட்டியல்

நகரத்தின் தெற்கே புத்தாக்க வளாகம் கட்ட இடம் தோதுப்படுமா என்று மதிப்பெண் போட ஆலோசகர் கஜவரதன் வந்து இறங்கினார். போன மாதம்தான் பெயர்க் கற்களைப் பிடுங்கி நிரவிய இடுகாடு அது. அவர் காலி மனை என்று எழுதிக்கொண்டார். மதிப்பெண் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பவில்லை: இங்கே நிரந்தரமாகத் தங்குவோர் எத்தனை பேர்?

இடுகாட்டுக் காவல்காரி இசக்கியம்மாளைக் கூப்பிட்டார். "முந்நூறு பேர் வேணும். வேற ஊருக்குப் போகாத ஆளா இருக்கணும். நாளைக்குள்ள பட்டியல் வரலைன்னா உன் வேலை போச்சு."

"வந்துரும் ஐயா," என்றாள் அவள்.

வந்தது. 'நேரில் சரிபார்த்தேன்' என்று கஜவரதன் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அந்த மனையிலேயே பந்தல் போட்டு, கலெக்டர் முன்னால் கம்பீரமாக வாசித்தார்.

"மாடசாமி மகன் இருளப்பன்."

கூட்டத்தில் இருளப்பனின் பேரன் ஒருவர் எழுந்து செருப்பைக் கழற்றினார்.

"இருளப்பன் மனைவி பேச்சியம்மாள்."

அந்தப் பேரனின் தங்கையும் கழற்றினாள். பெயர் பெயராகச் செருப்புகள் கழன்றன. காற்று நின்றது. பந்தல் துணிகூட அசையவில்லை. கஜவரதனின் குரல் தேய்ந்தது.

"இவங்கல்லாம் எங்கே?" என்றார் கலெக்டர்.

இசக்கியம்மாள் கைகட்டி நின்றாள். "வந்தாங்க, தங்கிட்டாங்க. ஒருத்தரும் திரும்பிப் போகல. ஐயா நேர்ல சரிபார்த்துட்டாங்களே. இப்ப ஐயா நிக்கிறதும் அவங்க மேலதான்."

கலெக்டர் மெல்லக் காலணியைக் கழற்றினார். மிச்சம் கஜவரதன் மட்டும்தான். அவர் ஒரு காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.